ஆழத்து நுண்ணுயிர்கள்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் போர் போடாத தெருவைப் பார்ப்பது அரிது. நூறு அடி, முந்நூறு அடி என்று துளைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். அந்த ஆழத்திலும் அதைவிடப் பல மடங்கு ஆழத்திலும் உயிர்கள் இருக்கின்றன என்று சொன்னால் பாதிப்பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் அடுத்த நொடியே, “அதனால நமக்கு என்ன பிரயோஜனம்?” என்று கேட்கிறார்கள். மாணவர்கள், விவசாயிகள், போர் போடும் தொழிலில் இருப்பவர்கள் என்று பலரும் கேட்டதைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆழம் என்றால் எவ்வளவு ஆழம்? நம்ம வீட்டு போர் அளவா?

நம் வீட்டு போர் தண்ணீரிலும் நுண்ணுயிர் உண்டு. ஆனால் அது மேல்மாடிக் கணக்குத்தான். நெய்வேலி சுரங்கமே சுமார் முந்நூறு அடிதான் இறங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் ம்போனெங் என்ற தங்கச் சுரங்கத்தில் 2.8 கி.மீ. ஆழத்தில், அதாவது ஒன்பதாயிரம் அடிக்கும் கீழே, பாறை வெடிப்பில் தேங்கியிருந்த தண்ணீரில் பாக்டீரியா கிடைத்தது. ஜப்பானின் ஷிமோகிடா கடற்பகுதியில் 2012இல் கடல்தரைக்குக் கீழே கிட்டத்தட்ட 2.5 கி.மீ. துளைத்தார்கள். அங்கும் இருந்தது.

கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆழம் என்னவென்று தெரியும். அங்கே 3 கி.மீ.க்கும் கீழே மனிதர்கள் இறங்கி வேலை பார்த்தார்கள்; சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

வெளிச்சம் கிடையாது, காற்று கிடையாது. என்னத்தைச் சாப்பிட்டு வாழும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். எல்லா உயிருக்கும் மூலம் சூரியன் என்று பள்ளியில் படித்தோம். ஆழத்தில் அந்தப் பாடம் முழுதாகச் செல்லுபடியாகாது.

அங்கே முக்கியமான சாப்பாடு ஹைட்ரஜன். இரும்புச் சத்து அதிகமுள்ள பாறையும் வெந்நீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பிறக்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. பாறையில் இயல்பாகவே கலந்திருக்கும் யுரேனியம் கதிர்வீச்சை வெளியிடுகிறது. அது அருகிலுள்ள தண்ணீர் மூலக்கூறை உடைக்கிறது, ஹைட்ரஜன் வெளிவருகிறது. ம்போனெங் பாக்டீரியா இந்த ஹைட்ரஜனை வைத்துத்தான் பிழைக்கிறது. டெசல்ஃபோருடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர் என்று பெயர். 2008இல் அதன் முழு மரபணுத் தொகுப்பையும் வெளியிட்டார்கள். சுமார் 60 டிகிரி சூட்டில் இருந்த அந்தத் தண்ணீரில் கிடைத்த உயிர்களில் 99.9 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே இனம். கார்பனோ நைட்ரஜனோ இன்னொரு உயிர் தர வேண்டியதில்லை, தானே எடுத்துக்கொள்கிறது. இப்படித் தன்னந்தனியாக ஓர் இனம் வாழ முடியும் என்பதை அதுவரை பலர் ஒப்புக்கொண்டதில்லை.

சரி, மூச்சு? ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறோம். அது இல்லாத இடத்தில் சல்பேட், இரும்பு, கரியமில வாயு என்று கிடைத்ததை வைத்து நுண்ணுயிர்கள் சமாளிக்கின்றன. இதைப் பார்க்க தென்னாப்பிரிக்கா போக வேண்டாம். பிச்சாவரத்தில் சதுப்புச் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு அந்தக் கருப்பு நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் தெரியும். சல்பேட்டை ‘மூச்சாக’ எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும் பாக்டீரியாக்களின் வேலை அது. ஆழத்திலும் அவற்றின் உறவினர்கள்தான் பெரும்பாலும்.

அப்படியென்றால் ரொம்ப வேகமாகப் பெருகுமா?

நேர்மாறு. பால் உறையும்போது பாக்டீரியா சில மணி நேரத்தில் பல மடங்காகிறது. ஆழத்தில் ஒரு செல் இரண்டாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகலாம். சாப்பாடு அவ்வளவு குறைச்சல். தென் பசிபிக் கடலடியிலிருந்து எடுத்த, 10 கோடி ஆண்டு வரை பழைமையான வண்டலில் இருந்த நுண்ணுயிர்களுக்கு ஆய்வகத்தில் உணவு கொடுத்தபோது அவை எழுந்து பெருகத் தொடங்கின. 2020இல் ஜப்பான் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள். இறந்ததுபோலக் கிடந்தவை, சாப்பாடு வந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நன்மை பற்றிய கேள்வியில் திரும்பவும் வரும்.

சூடு தாங்குமா? நம்ம ஊரில் எவ்வளவு ஆழம் வரை இருக்க முடியும்?

ஆய்வகத்தில் இதுவரை பதிவான உச்சம் 122 டிகிரி செல்சியஸ். மெத்தனோபைரஸ் காண்ட்லெரி என்ற ஆர்க்கியா அந்தச் சூட்டிலும் பெருகியது. (ஆர்க்கியா என்பது பாக்டீரியா மாதிரியே சிறியது, ஆனால் வேறு வம்சம்.) ஜப்பானின் நன்கை பள்ளத்தில் 2016இல் துளைத்தபோது, கடல்தரைக்கு 1.2 கி.மீ. கீழே சுமார் 120 டிகிரி சூட்டிலும் உயிர்த் தடயம் கிடைத்தது.

பொதுவாக ஒரு கி.மீ. இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும். நம் பக்கம் தரையடியிலேயே 30 டிகிரிக்குக் கிட்ட இருக்கும். கணக்குப் போட்டால் மூன்று, மூன்றரை கி.மீ.யில் எல்லை வந்துவிடும்.

அது சுரங்கக்காரர்களும் போர் இயந்திரமும் மேலிருந்து கொண்டுபோன கிருமியாக இருக்கலாமே?

விஞ்ஞானிகளே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இதைச் சொல்லித்தான் ஒதுக்கினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட்சன் பாஸ்டின் 1920களிலேயே எண்ணெய்க் கிணற்று நீரில் சல்பேட் பாக்டீரியாக்களைக் கண்டார். மேலிருந்து கலந்தது என்று சொல்லிப் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் அமெரிக்க எரிசக்தித் துறை சவானா ஆற்றுப் பகுதியில் கவனமாகத் துளை போட்ட பிறகுதான் நிலைமை மாறியது. அவர்கள் துளைத்த காரணமே சுவாரசியமானது. அணு ஆயுத ஆலைகளின் கழிவு நிலத்துக்குள் இறங்கியிருந்தது. அதைச் சாப்பிடும் உயிர் கீழே இருக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. நன்மையைத் தேடிப் போய்த்தான் இந்தத் துறையே வளர்ந்தது.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு முறை உண்டு. துளையிடும் திரவத்தில் பாக்டீரியா அளவுள்ள ஒளிரும் பிளாஸ்டிக் மணிகளையோ எளிதில் அடையாளம் தெரியும் ஒரு வேதிப்பொருளையோ கலந்துவிடுவார்கள். மேலே வந்த பாறைத் துண்டின் உள்பகுதியில் அது இருந்தால் அந்த மாதிரி கெட்டுப்போனது என்று தள்ளிவிடலாம்.

மொத்தம் எவ்வளவு இருக்கும்?

ஆழக் கார்பனை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு 2018இல் சொன்ன மதிப்பீடு: நிலத்துக்கும் கடல்தரைக்கும் அடியில் வாழும் உயிர்களில் உள்ள கார்பன் மட்டும் 1,500 கோடி முதல் 2,300 கோடி டன். எல்லா மனிதர்களின் உடலிலும் உள்ள கார்பனைக் கூட்டினால் அதைப்போல் 245 முதல் 385 மடங்கு. உலகிலுள்ள பாக்டீரியா, ஆர்க்கியாக்களில் சுமார் 70 சதவீதம் கீழேதான் என்றும் சொன்னார்கள். நுண்ணுயிர் மட்டும்தானா என்றால், 2011இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் 1.3 கி.மீ. ஆழத்தில் ஒரு புழுவே கிடைத்தது. அரை மில்லிமீட்டர் நீளம். பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது.

நெய்வேலி நிலக்கரிக்குள் இருக்குமா?

முதலில் அந்த நிலக்கரியே எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். 1880களில் புதுச்சேரி பாகூர் பக்கம் தானே பொங்கும் ஊற்றுக்காகத் துளைத்தபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் கிணறு துளைத்தபோது தண்ணீரோடு கறுப்புப் பொருள் வந்தது. இரண்டு இடத்திலும் தேடியது தண்ணீர். 1956இல் நிறுவனம் பிறந்தது, 1957இல் சுரங்க வேலை தொடங்கியது. இன்றுவரை அந்தச் சுரங்கத்தின் பெரிய தலைவலியும் தண்ணீர்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கவில்லை என்றால் அது சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும்.

பழுப்பு நிலக்கரி என்பது இரண்டு கோடி ஆண்டு வாக்கில் புதைந்த காடு. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள்; அவையும் கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்லும் படிவத்தைச் சேர்ந்தவை. அங்கே மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது, இங்கே மரம் கரியானது. கரியாகாத சத்து கொஞ்சம் மிச்சம் இருக்கும். நுண்ணுயிருக்கு அது தீனி. மேலே சொன்ன ஷிமோகிடாவில் கடல்தரைக்குச் சுமார் 2 கி.மீ. கீழே இதே மாதிரிப் பழுப்பு நிலக்கரி அடுக்குகள் இருந்தன. மற்ற பாறையில் செல்கள் மிகவும் அருகிவிட்ட ஆழத்தில், கரி அடுக்கில் மட்டும் எண்ணிக்கை கூடியது. மீத்தேன் உண்டாக்கும் வகைகள் அங்கே இருந்தன. ஆகவே தண்ணீரும் கரியும் சேர்ந்திருக்கும் படுகையில் நுண்ணுயிர் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்போ அதை வைத்து மீத்தேன் எடுப்பார்களா? இங்கே அதற்குத்தானே போராட்டம் நடந்தது?

அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகையில் எடுக்கும் நிலக்கரி மீத்தேன் பெரும்பாலும் நுண்ணுயிர் தயாரித்ததே. வெறும் வெப்பத்தால் வந்ததல்ல. அங்கே கரிக்குள் சத்துப்பொருள் செலுத்தி, நுண்ணுயிரைத் தூண்டி, இன்னும் வாயு வர வைக்க முடியுமா என்று முயன்றிருக்கிறார்கள். கரியை வெட்டாமல் ஆற்றலை எடுக்கலாம் என்பது ஆசை.

நம் பக்கம் கதை வேறு. நிலக்கரி மீத்தேன் எடுக்க முதலில் படுகையிலிருந்து தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். டெல்டா விவசாயிகள் பயந்ததும் அதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது. 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் அதில் வருகின்றன. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன் எடுக்கத் தடை. நுண்ணுயிர் தயாரித்த வாயு என்பதால் சட்டம் சலுகை காட்டாது, காட்டவும் கூடாது.

மக்களுக்கு நேரடியாகப் பெரிய நன்மை எது?

என்னைக் கேட்டால், கெட்டுப்போன நிலத்தடி நீரை இருந்த இடத்திலேயே சுத்தம் செய்வது. மருந்து, தங்கம், செவ்வாய் என்று பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் அப்புறம்.

உலோகத்தில் கிரீஸ் போக்கவும் உலர் சலவைக்கும் பயன்பட்ட குளோரின் கரைப்பான்களை எடுத்துக்கொள்வோம். இவை தண்ணீரைவிடக் கனமானவை. தரையில் கொட்டினால் ஊற்றின் அடிவரை இறங்கிவிடும். தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்வது பல பத்தாண்டு வேலை. டீஹாலோகோக்காய்டஸ் என்ற நுண்ணுயிருக்கு அந்த விஷமே மூச்சு. 1997இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் எத்திலீன் என்ற தீங்கு குறைந்த வாயுவாக மாற்றிவிடுகிறது. சாப்பாடு வந்ததும் எழுந்த கடலடி உயிர்கள் நினைவிருக்கிறதா? இங்கேயும் நாம் செய்ய வேண்டியது, துளை வழியாக மொலாசஸ், சோயா எண்ணெய்க் கரைசல் போன்ற மலிவான சாப்பாட்டை உள்ளே அனுப்புவது. அமெரிக்காவில் இது பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டி வழக்கமான வேலையாகிவிட்டது. அந்த இனம் அங்கே இல்லையென்றால் வளர்த்து எடுத்துப்போய்ச் செலுத்துகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சரியான வகை இல்லாத இடத்தில் வேலை பாதியில் நின்றுவிடும். நிற்கும் இடம் வினைல் குளோரைடு. பி.வி.சி. குழாய்க்கு மூலப்பொருளான அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, தொடங்கிய விஷத்தைவிட மோசம். கண்ணை மூடிக்கொண்டு வெல்லப்பாகு ஊற்றினால் நிலைமை கெட்டுத்தான் போகும். எந்த இனம் கீழே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

யுரேனியத்துக்கும் இப்படி ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்ற ஊரில் பழைய யுரேனிய ஆலைக்கு அடியில் 2002இல் அசிட்டேட்டைச் செலுத்தினார்கள் (வினிகரில் இருக்கும் அமிலத்தின் உப்பு). ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா பெருகியது; தண்ணீரில் கரைந்திருந்த யுரேனியம் கரையாத வடிவத்துக்கு மாறிப் படிந்தது. கவனியுங்கள், யுரேனியம் அழியவில்லை. உலோகத்தை எந்த நுண்ணுயிரும் அழிக்காது, வடிவத்தைத்தான் மாற்றும். ஆக்சிஜன் உள்ள தண்ணீர் உள்ளே புகுந்தால் மறுபடி கரையலாம்.

அப்படியானால் சிப்காட் பக்கத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்துவிடலாமா?

கடலூர் சிப்காட்டைச் சுற்றிய கிராமங்களில் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றிய புகார் பல பத்தாண்டுப் பழையது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அங்கே ஒரே விஷம் இல்லை. கரிமப் பொருள் இருந்தால் நுண்ணுயிர் உதவும். உலோகத்தை ஓரளவு கட்டிப்போடும். உப்புத்தன்மைக்கு ஒன்றுமே செய்யாது, கடலோரத்தில் உப்பு ஏறிய ஊற்றுக்கும் அதே பதில்தான். எந்தக் கிணற்றில் எது, எவ்வளவு என்ற வரைபடம் இல்லாமல் பேச்சுக்கே இடமில்லை. அதோடு, மேலே கழிவு விழுந்துகொண்டே இருக்கும்போது கீழே பாக்டீரியாவை வேலை வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

எண்ணெய்க் கிணற்றில் பயன்படுத்துகிறார்களாமே?

ஆமாம். கிணற்றில் எண்ணெய் கணிசமாகத் தங்கிவிடும், சாதாரணமாக மேலே வராது. நுண்ணுயிர் வாயு, அமிலம், சோப்பு மாதிரிப் பொருள் ஆகியவற்றை உண்டாக்கி அதைத் தளர்த்தும். ஓ.என்.ஜி.சி.யும் டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்தியாவில் இதைச் செய்கின்றன. சிந்திய எண்ணெயைத் தின்னும் ஆயில்ஜாப்பர் கலவையும் அங்கிருந்து வந்ததே. அதே கிணற்றில் வேண்டாத சல்பேட் பாக்டீரியா பெருகினால் எண்ணெய் நாறும், குழாய் அரிக்கும்.

ஆழத்திலிருந்து புது மருந்து வருமா?

வரலாம், அவசரப்பட வேண்டாம். ஸ்ட்ரெப்டோமைசின் உட்படப் பல மருந்துகள் மேல்மண்ணின் பாக்டீரியா தந்தவை. ஆழத்து இனங்களில் பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் வளர்க்கவே முடிவதில்லை. நூறு ஆண்டுக்கு ஒருமுறை பெருகுவதை எந்த ஆராய்ச்சி மாணவர் காத்திருந்து வளர்ப்பார்?

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது நியூ மெக்சிகோவின் லெச்சுகியா குகையில் கிடைத்த பாடம். சுமார் 40 லட்சம் ஆண்டு வெளியுலகத் தொடர்பு இல்லாமல் இருந்த பகுதியில் எடுத்த பாக்டீரியாக்களைச் சோதித்தார்கள். சில வகைகள் இன்றைய மருந்துக் கடையில் கிடைக்கும் 14 ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கின. 2012இல் வெளியான செய்தி இது. எந்த டாக்டரின் சீட்டையும் பார்க்காத பாக்டீரியா! எதிர்ப்புச் சக்தி மனிதன் உண்டாக்கியது மட்டுமல்ல, பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று நடத்தும் பழைய போரில் பிறந்தது என்று தெரிந்தது. அது எந்த வழியில் வேலை செய்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது மருந்து கண்டுபிடிப்போருக்கு உதவும்.

சூடு தாங்கும் நொதிகள் தனிக்கதை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். சோதனை, 1960களில் தாமஸ் பிராக் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்ட பாக்டீரியாவின் நொதி இல்லாமல் இவ்வளவு எளிதாகியிருக்காது. அது ஊற்றின் வாயிலில் கிடைத்தது, ஆழத்தில் அல்ல. ஆனால் ஆழத்துச் சூட்டில் வாழ்பவற்றிடம் இப்படி இன்னும் நொதிகள் இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் அதுவே.

ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் பூமிக்குள் சேமிக்கப் போகிறார்களாம். இவை தொந்தரவு செய்யாதா?

செய்யும். ஹைட்ரஜன் அவற்றுக்கு விருந்து என்று பார்த்தோமே. செக் நாட்டில் லோபோடிட்சே என்ற இடத்தில் வீடுகளுக்குக் குழாயில் அனுப்பும், ஹைட்ரஜன் கலந்த எரிவாயுவைத் தரைக்கடியில் சேமித்தபோது, ஹைட்ரஜன் குறைந்து மீத்தேன் கூடியது. திருடன் யார் என்று பார்த்தால் ஆர்க்கியா. ஆஸ்திரியாவில் ஒரு நிறுவனம் இதையே சாதகமாக்கிவிட்டது: தீர்ந்துபோன எரிவாயுப் படுகைக்குள் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வேண்டுமென்றே செலுத்தி, உள்ளேயே மீத்தேனாக்க முயல்கிறது.

ஐஸ்லாந்தில் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டு ஆண்டுக்குள் 95 சதவீதம் கல்லாகிவிட்டது என்று 2016இல் அறிவித்தார்கள். அதே திட்டத்தில், பாறையிலிருந்து கரைந்த இரும்பைத் தின்னும் பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகியதும் பதிவானது. நம் போரில் ஆரஞ்சு நிறப் பாசி மாதிரிப் படிகிறதே, அதன் குடும்பம்.

தாதுக்களை எடுக்க?

மேற்பரப்பில் இது பழைய தொழில். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வழிந்த அமிலத் தண்ணீரில் 1947இல் கண்ட ஒரு பாக்டீரியாவின் இனத்தார் இன்று செம்புத் தாதுக் குவியல்களில் செம்பைக் கரைத்தெடுக்கும் வேலை பார்க்கிறார்கள்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் இந்த வகைதானா? ‘ஆழத்து நுண்ணுயிர்’ திரவம் வாங்கி வயலுக்கு விடலாமா?

இல்லை. அவை உயிர் உரங்கள்; வேர் ஓடும் மேல்மண்ணைச் சேர்ந்தவை, காற்றும் வேரின் கசிவும் வேண்டும். வேளாண் துறையிலேயே கிடைக்கும், தாராளமாகப் போடுங்கள். புதுச்சேரியின் வெக்டர் கண்ட்ரோல் ஆராய்ச்சி மையம் கொசுப்புழுவைக் கொல்ல உருவாக்கிய பாக்டீரியாத் தயாரிப்பும் ஆழத்திலிருந்து வந்ததல்ல. ஆழத்தில் வாழ்வது உங்கள் வயலின் காற்றிலும் வெயிலிலும் செத்துப்போகும். அப்படி ஒரு பாட்டிலை யாராவது விற்றால், எந்த இனம், ஒரு மில்லியில் எத்தனை உயிருள்ள செல், எங்கே பரிசோதித்தது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராது.

இவற்றால் வியாதி வருமா?

ஆழத்து நுண்ணுயிர் நம் உடலைப் பார்த்ததே கிடையாது. ஆக்சிஜன் பட்டாலே பலவற்றுக்கு ஆகாது. போர் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்தால், பக்கத்துச் செப்டிக் டேங்க்தான் முதல் சந்தேகம்.

மறைமுகத் தீங்கு உண்டு. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கோடிக்கணக்கானோர் குடித்த ஆர்சனிக் தண்ணீருக்கு ஒரு முக்கியக் காரணம், வண்டலில் இரும்போடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கை, இரும்பை ‘மூச்சாக’ எடுக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீருக்குள் அவிழ்த்துவிட்டது. கொலராடோவில் யுரேனியத்தைக் கட்டிப்போட்டதும் இதே வகை வேலைதான். நன்மை, தீமை இரண்டும் அங்கே என்ன இருக்கிறது, நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் யார் ஆராய்கிறார்கள்? படிக்க ஆசை.

மகாராஷ்டிராவின் கொய்னாவில் 1967இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதை ஆராய புவி அறிவியல் அமைச்சகம் 3 கி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டது. எரிமலைப் பாறையைத் தாண்டி அடியிலுள்ள கருங்கல்லிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஐ.ஐ.டி. கரக்பூர் குழு நுண்ணுயிர்களைத் தேடிக் கண்டது. நம் வங்காள விரிகுடாவில் 2006இல் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் துளைத்து எடுத்த ஹைட்ரேட் (மீத்தேனை உள்ளே அடைத்துவைத்த பனிக்கட்டி) மாதிரிகளில் உள்ள மீத்தேன் பெரும்பாலும் நுண்ணுயிர் தயாரித்தது.

படிப்பென்றால் நுண்ணுயிரியல் மட்டும் போதாது, நிலவியலும் கொஞ்சம் வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சேற்றிலிருந்து தொடங்குவது மோசமான தொடக்கம் இல்லை.

செவ்வாயில் இருக்குமா?

மேற்பரப்பில் கதிர்வீச்சும் குளிரும் அதிகம்; இருந்தால் அடியில்தான் இருக்க வாய்ப்பு. சூரியன் இல்லாமல் வாழ முடியும் என்று ம்போனெங் காட்டிவிட்டதால் அங்கே தேடலாம் என்கிறார்கள். அவ்வளவுதான்.

எங்கள் போர் தண்ணீர் சிவப்பாக வருகிறது. சில நாள் முட்டை நாற்றம். இது அந்த நுண்ணுயிர்தானா?

அதிகம் பேர் கேட்பது இதுதான். தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு சிவந்தால் அது கரைந்த இரும்பு துருவாக மாறுவது. பெரும்பாலும் வெறும் வேதியியல். டேங்கின் அடியிலும் குழாய் வாயிலும் வழவழவென்று ஆரஞ்சுப் படலம் பிடித்தால் இரும்பு பாக்டீரியா. கீழிருந்து வரும் இரும்புத் தண்ணீரும் மேலிருந்து இறங்கும் காற்றும் சந்திக்கும் இடம் அவற்றுக்கு வசதி, அந்த இடத்தை போர் போட்டு நாமே உண்டாக்கித் தருகிறோம். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரிப் பளபளப்பு தெரிந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தகடு தகடாக உடைந்து அப்படியே நின்றால் பாக்டீரியா படலம். உடனே ஒன்று சேர்ந்தால் நிஜமாகவே எண்ணெய். விசாரிக்க வேண்டிய விஷயம்.

முட்டை நாற்றம் சல்பேட் பாக்டீரியாவின் கைவரிசை. வெந்நீரில் மட்டும் நாறினால் கோளாறு கெய்சரில், போரில் இல்லை.

குளோரின் போட்டு போரை ஓர் இரவு ஊறவிட்டு, நாற்றம் போகும்வரை ஓட்டி வெளியேற்றினால் இரண்டும் அடங்கும், சில மாதத்தில் திரும்பவும் வரலாம். அளவு போரின் ஆழத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள், கிணற்றுவாய்க்கு மேல் குனிந்து நிற்காதீர்கள். கேசிங் பைப்பைச் சுற்றி மழைத்தண்ணீர் இறங்காதபடி சிமெண்ட் மேடை கட்டுவது அதைவிட மலிவான வைத்தியம். குடிக்கும் தண்ணீர் என்றால் கடலூர் மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். பாக்டீரியா சோதனைக்கு அவர்கள் சொல்லும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பழைய கோலி சோடா, வாட்டர் பாட்டில் வேண்டாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டேங்கிலிருந்து எடுக்காமல் நேராக போர் குழாயிலிருந்தே பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.